மதிலுக்கு அந்தப் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊர் வளர வளர நெருங்குகிறோமா, விலகுகிறோமா? விலகுகிறோம் என்பது எங்கள் அணி.

எதிரணி அண்ணன் கேட்டார்: "கீழக்கரைச் சந்தில் எதிரே ஒரு பைக் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதெல்லாம் ஒரு தெருவா? எங்கள் நகரில் 30 அடி ரோடு!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி. அந்த 30 அடி ரோடு எங்கே போய் முடிகிறது, அண்ணே? அதைச் சொல்லவே இல்லையே!

எங்கள் அம்மாவைக் கேளுங்கள். ராமநாதபுரத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் புது நகர். அதில் என் தங்கை வீடு. அவள் மாடிக் கொடியில் காயும் பேரன் சட்டை எங்கள் அடுப்படி ஜன்னலில் தெரியும்.

ஒரு நாள் வீட்டில் மீன் குழம்பு. அம்மா தூக்குவாளியோடு கிளம்பினார். மெயின் ரோடு. லாரிக்கு ஒதுங்கி, பெட்ரோல் பங்க் தாண்டி, ஆர்ச். உள்ளே முதல் தெரு, முட்டு. இரண்டாவது, அதுவும் முட்டு. ஐந்தாவது தெருக் கடைசியில் மகள். 40 அடி தூரத்துக்கு அரை மணி நேரம்! மூச்சு வாங்க மாடியேறிப் பார்க்கிறார். எதிரே அவருடைய அடுப்படி; ஜன்னலில் புகை! அடுப்பில் வைத்த உலையை மறந்து வந்திருக்கிறார். சோறு கருகுவது கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. மறுபடி ஐந்தாவது தெரு, மறுபடி ஆர்ச், மறுபடி பங்க், மறுபடி லாரி!

ஒருவர் வயலை மனை போட்டார்; ரோட்டைத் தன் வரப்போடு நிறுத்தினார். அடுத்தவரும் அப்படியே. நடுவில் சீமைக்கருவேல். ஊர் பெருத்தது, தெருக்கள் சேரவில்லை. 1975 முதல் 2014 வரை உலகெங்கும் போட்ட தெருக்களை ஆராய்ந்தவர்களும் பல நாடுகளில் இதைத்தான் கண்டார்கள். அமெரிக்காவில் 1990களின் நடுவிலேயே போக்கு திரும்பிவிட்டது. புதுத் தெருக்கள் மறுபடி ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. நாம் இப்போதுதான் சுவர் கட்டுகிறோம்.

போன ஐப்பசியில், நடு ராத்திரி. அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மா போட்ட சத்தம் முதலில் கேட்டது மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த தங்கைக்குத்தான். மாப்பிள்ளை வெளியூரில். "அப்பா, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே இருட்டில் ஓடினாள். ஐந்தாவது தெரு, ஆர்ச், பங்க்... வந்து சேர்ந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அண்ணே, நீங்கள் சொன்ன அந்தக் கீழக்கரைச் சந்து மட்டும் இடையில் இருந்திருந்தால், என் தங்கை அப்பாவின் கையைப் பிடித்திருப்பாள்.