ஜி.பி.எஸ். இருண்டால் கப்பலுக்கு வழி சொல்பவர் யார்? கடற்படை நேவிகேட்டர் ஆவது எப்படி?

(காட்சி: அந்தி நேரம், போர்க்கப்பலின் மேல்தளம்)

நடுக்கடலில் போர்க்கப்பலின் ஜி.பி.எஸ். திரை திடீரென்று இருண்டுவிட்டால், கேப்டன் முதலில் திரும்பிப் பார்ப்பது நேவிகேட்டரைத்தான். வணக்கம் நண்பர்களே! நாற்புறமும் தண்ணீர் மட்டுமே தெரியும் இடத்தில், கப்பல் நிற்கும் புள்ளியை வரைபடத்தில் குறிக்கத் தெரிந்த அந்த அதிகாரியாக இந்தியக் கடற்படையில் எப்படி ஆவது என்று பார்ப்போம்.

அதற்கான பாதைகளில் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து, என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்புக் கழகம்) தேர்வில் தேறி, புனே அருகே கடக்வாஸ்லாவிலும் கேரளத்தின் எழிமலையிலும் பயிற்சி முடித்து, கப்பலில் வாட்ச் (முறை வைத்துக் கப்பலைக் கவனிக்கும் பணி) நின்று பழகிய பிறகு, கொச்சியில் நேவிகேஷன் சிறப்புப் பயிற்சிக்குப் போக முடியும். 2022 முதல் என்.டி.ஏ.வில் பெண்களும் சேர்கிறார்கள்.

(காட்சி: செக்ஸ்டன்ட், மிக அருகில்)

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செக்ஸ்டன்ட் என்னும் இந்தக் கருவியின் கண்ணாடியை மெல்ல நகர்த்தினால், வானத்து நட்சத்திரம் கீழே இறங்கி வந்து தொடுவானத்தைத் தொடுவதுபோல் தெரியும். அப்போது கருவி காட்டும் கோணமே நட்சத்திரத்தின் உயரம். அந்த உயரத்தையும் அளந்த நேரத்தையும் வைத்துத்தான் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவார்கள். நட்சத்திரமும் தொடுவானமும் ஒருசேரத் தெரிவது அந்தியிலும் விடியலிலும் சிறிது நேரம்தான் என்பதால், அதற்குள் பல நட்சத்திரங்களை அளந்தாக வேண்டும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தவறும். கடிகாரம் 4 விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே தீர்க்கரேகையிலும் அதே அளவு தவறும். பள்ளியில் முக்கோணவியலை வெறுத்தவர்கள் தயவுசெய்து மறுபடியும் அந்தப் பாடத்தைப் பிரித்துப் பாருங்கள். இங்கே அது உயிர் காக்கும் கணக்கு.

இது பழங்கால வித்தை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கடற்படைக் கழகம் 1990களின் இறுதியில் கைவிட்ட, நட்சத்திரங்களை வைத்து வழி காணும் பாடத்தை 2015இல் மீண்டும் தொடங்கியது. செயற்கைக்கோள் சமிக்ஞையை எதிரி முடக்கலாம். நட்சத்திரத்தை முடக்க முடியாது.

(காட்சி: மொட்டை மாடி, வடக்கு வானம்)

துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் (முஷ்டியின்) அகலம் சுமார் 10 பாகை. சென்னையில் துருவ நட்சத்திரம் ஒரு முட்டிக்குச் சற்று மேலே, 13 பாகையில் நிற்கும். கன்னியாகுமரியிலோ 8 பாகைதான், ஒரு முட்டிக்கும் குறைவு. வடக்கே மறைப்பில்லாத இடத்தில் இன்றிரவு அளந்து, ஊரின் பெயரோடு கமென்ட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் நானே படிக்கிறேன்.