160 பவுண்டும் மூன்று பென்சிலும்

வணக்கம் நேயர்களே. நம்ம வடசென்னையில் பாக்ஸிங் பேச்செடுத்தாலே பெரியவர்கள் 1980-இல் முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்த கதைக்குப் போய்விடுவார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதிய ஊர், பேசத்தான் செய்வார்கள். ஆனால் அலி ஹெவிவெயிட். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கிளவுஸ் மாட்டுகிற பையன்களில் எத்தனை பேர் அந்த எடைக்கு வருவார்கள்? அவர்கள் பார்க்க வேண்டியது மிடில்வெயிட் என்பேன். புரொஃபஷனலில் அதன் உச்ச எடை 160 பவுண்டு, அதாவது 72.57 கிலோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கியதும் மிடில்வெயிட்டில்தான், அங்கே அப்போது 75 கிலோ.

இந்த எடையில் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கவும் முடியும், 12 ரவுண்டும் கால் ஓடவும் செய்யும். அதனால்தான் பெரிய மேட்சுகள் பல கடைசி மணி வரை போய் ஜட்ஜ்கள் கையில் விழுகின்றன.

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகஸ். ஆறரை வருடமாக மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த மார்வின் ஹாக்லர் ஒரு பக்கம், கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு ஐந்து வருடத்தில் ஒரே ஒரு மேட்ச் ஆடியிருந்த ஷுகர் ரே லெனார்ட் இன்னொரு பக்கம். லெனார்ட் தரப்பு பேரத்திலேயே பாதி வேலையை முடித்துவிட்டது: 15 ரவுண்டு வேண்டாம், 12 போதும், ரிங்கும் பெரிதாக இருக்கட்டும். பணம் அதிகம் கிடைத்ததால் ஹாக்லர் ஒத்துக்கொண்டார். அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் ஆறாதது. வழக்கமாக இடது கைக்காரராக நின்று ஆடுபவர், முதல் இரண்டு ரவுண்டும் வலது கைக்காரர் மாதிரி நின்று ஆடி, அவற்றைச் சும்மா தாரை வார்த்தார். லெனார்டோ பல ரவுண்டுகளில் கடைசி 30 விநாடியில் படபடவென்று குத்துகளை அள்ளிவிட்டு, ஜட்ஜ் பென்சில் எடுக்கும் நேரத்தில் கண்ணில் நிற்கிறார். யாரும் கீழே விழாத ரவுண்டை மயிரிழையில் ஜெயித்தாலும் சரி, நன்றாக ஜெயித்தாலும் சரி, பெரும்பாலும் 10-9தான், அதாவது ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. முடிவில் ஒரு ஜட்ஜ் 115-113 ஹாக்லருக்கு, இன்னொருவர் அதே கணக்கில் லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 லெனார்டுக்கு! ஹாக்லர் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

முப்பது வருடம் கழித்து, 2017-இல், அதே ஊரில், கோலோவ்கின் – கனெலோ மிடில்வெயிட் மேட்சில் அதே 118-110 திரும்ப வந்தது, இந்த முறை கனெலோவுக்கு. பார்த்தவர்கள் பலர் கோலோவ்கின் ஜெயித்ததாகவே நினைத்தார்கள், அறிவித்ததோ டிரா. இதையெல்லாம் அநியாயம் என்று திட்டலாம், நானும் திட்டுகிறேன். ஆனால் திட்டினால் பையன்களுக்கு ஒரு ரவுண்டுகூட அதிகமாகக் கிடைக்காது.

அதனால் வாத்தியார்களிடம் ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் ஸ்பாரிங், அதாவது பயிற்சி மோதல், நடக்கும்போது, முறை வராத பையன்களில் மூன்று பேரை ரிங்குக்கு மூன்று பக்கமும் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அடுத்தவன் தாளைப் பார்க்காமல் 10-9 போடட்டும். கடைசியில் மூன்று தாளையும் சேர்த்துப் பாருங்கள், எங்கே கணக்கு பிரிகிறதோ அந்த ரவுண்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.