பைத்தானில் ஒரு பற்று நோட்டு: முதல் டேட்டாபேஸ் இணைப்பு

[திரையில்: டெர்மினல். புரோகிராம் ஓடி, "ராணி, 250" என்று ஒரு வரி வருகிறது.]

ராணி அக்கா 250 ரூபாய்க்குச் சாமான் வாங்கியதை டேட்டாபேஸில் எழுதச் சொன்னேன், எழுதியதைப் படித்துக் காட்டவும் சொன்னேன். காட்டிவிட்டது. இப்போது எழுதும் வரியை நீக்கிவிட்டு, படிக்கும் வரியை மட்டும் வைத்து இன்னொரு முறை ஓட்டுகிறேன்.

[திரையில்: மறுபடி ஓட்டம். ஒன்றும் வரவில்லை.]

ஆளைக் காணோம். எர்ரரும் இல்லை. இந்த 250 ரூபாய் எங்கே போனது என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். முதலில் காலி ஃபைலிலிருந்து தொடங்கலாம்.

[திரையில்: கோடு போட்ட நீள நோட்டு. பெயர், தொகை.]

"கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொன்னதும் கடையில் எடுக்கிற நோட்டு இது. நாம் செய்யப்போவதும் இதே கட்டம்தான். இப்படிக் கட்டம் போட்ட டேபிளில் தகவலை வைப்பதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ். அந்தப் பெயரைக் கேட்டதும், டேபிள்களுக்கு நடுவில் உள்ள உறவைச் சொல்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் இந்த முறையை எழுதியபோது, கணிதத்தில் இருக்கிற 'ரிலேஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட அந்த டேபிள்தான் ரிலேஷன். ஆகவே ஒற்றை டேபிளோடு நிறுத்திக்கொண்டாலும் நம்முடையது ரிலேஷனல் டேட்டாபேஸ்தான்.

எடுத்துக்கொள்ளும் மென்பொருள் எஸ்க்யூலைட். பைத்தானை இன்ஸ்டால் செய்தாலே கூடவே வந்துவிடும். சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ரிச்சர்ட் ஹிப் இதை 2000இல் தொடங்கினார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார் அவர். டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் அவருடைய புரோகிராமும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் சர்வரே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்தார். இன்று உங்கள் செல்போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது.

[திரையில்: எடிட்டர். இரண்டு வரிகள்.]

முதல் வரி, இம்போர்ட் எஸ்க்யூலைட்3. இரண்டாவது வரியில் கனெக்ட், அடைப்புக்குறிக்குள் 'பற்று.டிபி' என்று ஃபைல் பெயர். அவ்வளவுதான், இணைப்பு வந்துவிட்டது.

ஆனால் இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பெயரில் ஃபைல் இல்லையென்றால் எஸ்க்யூலைட் குறை சொல்லாது, புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதையும் உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் உருவாக்காது. டெர்மினல் எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கே உருவாக்கும். நேற்று ஓடிய புரோகிராம் இன்று 'நோ சச் டேபிள்' என்றால், புரோகிராமைத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். எங்காவது பூஜ்யம் பைட் அளவில் இன்னொரு பற்று.டிபி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். நான் ஒரு முறை இதைத் தேடி அரை நாளைத் தொலைத்தேன். மூன்று ஃபோல்டரில் மூன்று பற்று நோட்டு வைத்திருந்தேன்.

அடுத்தது டேபிள். எக்ஸிக்யூட் என்ற கட்டளைக்குள் கிரியேட் டேபிள் எழுதுகிறோம். டேபிள் பெயர் 'பற்று'. அதில் இரண்டு காலம், அதாவது நெடுக்குக் கட்டம்: பெயர், அது டெக்ஸ்ட் (எழுத்து); தொகை, அது இன்டிஜர் (முழு எண்). டேபிளுக்கும் காலத்துக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்க்யூலைட் ஒன்றும் சொல்லாது. அலுவலகத்தில் செய்தால் டீம் லீட் ஏதாவது சொல்லலாம்.

இப்போது எழுதுவது. இன்சர்ட் கட்டளைக்குள் பெயரையும் தொகையையும் எப்படி நுழைப்பது? எல்லோர் கையும் முதலில் போவது ஒட்டுப்போடுவதற்குத்தான். ஸ்ட்ரிங், பிளஸ், பெயர், பிளஸ், ஸ்ட்ரிங். ராணிக்கு அது ஓடும். அடுத்து தெருமுனைத் தையல்கடை கணக்கு வருகிறது.

[திரையில்: வேல்யூஸ் ('ராணி'ஸ் டெய்லர்', 250)]

கடைப் பலகையில் 'ராணி'ஸ் டெய்லர்' என்று இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மேற்கோள் குறியைப் பாருங்கள். பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று எஸ்க்யூலைட் நினைத்துக்கொள்ளும். மீதி 'ஸ்' அதற்குப் புரியாது; அந்த எழுத்துக்குப் பக்கத்தில் சின்டாக்ஸ் எர்ரர் என்று நின்றுவிடும். இது பரவாயில்லை, நின்றாவது போகிறது. பெயரைத் தட்டினால் பாக்கியைக் காட்டும் பக்கம் ஒன்று இருந்து, அதில் ஒருவர் பெயருக்குப் பதிலாக இதைத் தட்டினால்?

[திரையில்: ' ஆர் '1'='1]

ஆர் என்றால் 'அல்லது'. ஒன்று ஒன்றுக்குச் சமம்தானே, எல்லா வரிசைக்கும் அது உண்மை. ஊரில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முழு நோட்டும் திறந்துவிடும். டேட்டாபேஸ் கட்டளைகளை எழுதும் மொழிக்குப் பெயர் எஸ்க்யூஎல். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்று பயமுறுத்துகிறார்களே, அது இதுதான்.

தீர்வு ரொம்பச் சின்னது. மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். மதிப்புகளைத் தனியாக, எக்ஸிக்யூட்டின் இரண்டாவது இடத்தில் கொடுங்கள். அப்போது பெயர் பெயராகவே போகும். அதில் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் கட்டளையோடு கலக்காது.

கொடுக்கும்போது ஒரு கமா விஷயம். தேடுவதற்குப் பெயர் ஒன்றை மட்டும் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அடைப்புக்குறிக்குள் பெயரை எழுதி, கமா போடாமல் விட்டால் பைத்தான் அதை டியூப்பிள், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, என்று எடுத்துக்கொள்ளாது. அது வெறும் ஸ்ட்ரிங்.

[திரையில்: ('ராணி') என்று கொடுத்து ஓட்டுகிறது. எர்ரர் வருகிறது.]

கேட்டது 1, கொடுத்தது 4 என்று எர்ரர் சொல்கிறது. நாலா? ராணியில் இரண்டு எழுத்துதானே! கணினி எழுத்துகளை எண்ணிவைக்கும் முறையான யூனிகோடுக்கு அப்படி இல்லை. ர, துணைக்கால், ண, இகரக் குறி என்று நாலாக எண்ணுகிறது. பெயருக்குப் பின்னால் ஒரு கமா போட்டால் நாலும் ஒன்றாகிவிடும்.

சரி, காணாமல் போன 250 ரூபாய்க்கு வருவோம்.

[திரையில்: இன்சர்ட் வரி. அதன்கீழ் காலி இடம்.]

இன்சர்ட் கொடுத்ததும் பைத்தான் உள்ளுக்குள் ஒரு டிரான்ஸாக்ஷனைத் தொடங்கிவிடுகிறது. அது பென்சிலில் எழுதியது மாதிரி. எழுதிய அதே இணைப்பில் படித்தால் தெரியும், அதனால்தான் முதல் ஓட்டத்தில் ராணி அக்கா திரையில் வந்தார். கமிட், அதாவது 'நிலையாக எழுதிவிடு' என்று சொல்லாமல் இணைப்பு மூடினால் பென்சில் எழுத்து அழிந்துவிடும். டேபிள் மட்டும் இருக்கும், உள்ளே வரிசை இருக்காது.

இன்சர்ட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவில் புரோகிராமைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ஃபோல்டரைப் பாருங்கள்.

[திரையில்: பற்று.டிபி. பக்கத்தில் பற்று.டிபி-ஜர்னல்.]

பக்கத்தில் இருக்கும் அந்த ஜர்னல் ஃபைல்தான் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான வழி. நடுவில் கரன்ட் போனாலும் டேட்டாபேஸ் இதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கமிட் ஆனதும் மறைந்துவிடும். அது இருக்கும் நேரத்தில் இன்னொரு டெர்மினலிலிருந்து எழுதப் பார்த்தால் 5 விநாடி காத்திருந்துவிட்டு, 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வரும். நோட்டு இன்னொருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

[திரையில்: கமிட் வரி சேர்கிறது. இரண்டு முறை ஓட்டம், இரண்டாவதில் படிக்கும் வரி மட்டும். இரண்டு முறையும் "ராணி, 250".]

படிப்பதற்கு செலக்ட், அப்புறம் ஃபெட்ச்ஆல். எல்லா வரிசையும் லிஸ்டாக வரும். அதில் புதிர் ஒன்றும் இல்லை.

கடை பெரிதாகி நாலு கல்லாவில் ஒரே நேரத்தில் பில் போட ஆரம்பித்தால் மைஎஸ்க்யூஎல் மாதிரி சர்வர் வேண்டியிருக்கும். அப்போது பைத்தானுக்கான கனெக்டரைத் தனியாக இன்ஸ்டால் செய்யவேண்டும். கனெக்ட்டுக்குள் ஃபைல் பெயருக்குப் பதிலாக ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பெயர் போகும். போர்ட் வழக்கமாக 3306. பாஸ்வேர்டைப் புரோகிராமிலேயே எழுதி, புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். கட்டளையைக் கொண்டுபோய் முடிவைக் கொண்டுவரும் கர்சரை நாமே உருவாக்கி, அதில்தான் எக்ஸிக்யூட் கொடுக்கவேண்டும். கேள்விக்குறி இருந்த இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் வரும். கமிட் வரியை இருக்கிற இடத்திலேயே விடுங்கள், அங்கேயும் அது இல்லாவிட்டால் ராணி அக்கா கணக்கு காணாமல் போய்விடும்.