புண் ஆறாத சீட்டு

அவையோருக்கு வணக்கம்.

ஒரு சீட்டிலிருந்து தொடங்குகிறேன். காலில் புண்ணோடு மருத்துவமனையில் கிடந்த ஒருவரை அனுப்பி வைக்கும்போது எழுதிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'காலை நனைக்கக் கூடாது. பத்து நாள் ஓய்வு. இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்.' மருத்துவர் மேல் தப்பில்லை; எல்லோருக்கும் எழுதுவதைத்தான் எழுதினார். ஆனால் அந்த மனிதர் படுப்பது மேம்பாலத்துக்குக் கீழே. மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் வந்து நிற்கிற இடம் அது. மூன்றாவது வாரம் அதே கால், அழுகிப்போய், ஆம்புலன்ஸில் அதே வார்டுக்கு வரும்.

இவரைப் போலத் தெருவில் கிடப்பவர்களுக்கு வீடு கொடுங்கள் என்றால், 'காசுக்கு எங்கே போவது?' என்று கேட்கிறோம். காசு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, போலீஸ், சிறை, விடியற்காலையில் போர்வையை அள்ளிப்போகும் லாரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக் கணக்கில் ஏறுவதால் கூட்டிப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

'குடிக்கிறான், அதனால் தெருவில் கிடக்கிறான்' என்பதும் பாதிக் கதைதான். தெருவுக்கு வந்த பிறகு, தூக்கம் வராத இரவைக் கழிக்கக் குடிக்கப் பழகியவர்கள் உண்டு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். போதைமருந்துச் சாவு விகிதத்தில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த மேற்கு வர்ஜீனியாவில் வீடற்றோர் விகிதம் குறைவு. வாடகை எட்டாத உயரத்தில் நிற்கும் கலிபோர்னியாவில் மிக அதிகம். குடிகாரருக்கும் வாடகை கட்டுப்படியானால் அவர் வீட்டுக்குள் இருந்து குடிப்பார். சிரிக்கிறீர்கள், ஆனால் விஷயம் அதுதான்.

முதலில் குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு என்பதே வழக்கமான வரிசை. முகவரி இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வரிசையைத் திருப்பிப் போட்டார். நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு; சிகிச்சையும் மற்றதும் பிறகு. 2008-ல் பின்லாந்து இதே வழியை நாட்டின் கொள்கையாகவே ஆக்கியது. தங்குவிடுதிகளைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். குடியேறியவர் கையில் சொந்த வாடகை ஒப்பந்தம், சொந்தச் சாவி. வாடகைக்கு அரசு உதவித்தொகை. 1980-களின் இறுதியில் 15,000-க்கு மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2022-ல் 4,000-க்கும் கீழே இறங்கியது.

2024-ல் அங்கேயே அது மறுபடி சற்று ஏறியது. அதற்குச் சற்று முன்னால்தான் அரசு வீட்டு உதவித்தொகையை வெட்டியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் பின்லாந்துக்காரர்கள் திடீரென்று கூடுதலாகக் குடித்துவிடவில்லை.