சாலையிலும் ஓடும் டிராக் கார்: கணக்கு டயரில் தொடங்குகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

டிராக் (drag) பந்தயம் என்றால் கால் மைல் நேர்ப்பாதை, அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, அந்தத் தூரத்தை முதலில் கடப்பவருக்கு வெற்றி. இதற்கென்றே செய்த கார்கள் டிரெய்லரில் வந்து டிரெய்லரிலேயே திரும்பிப் போகும். இன்று நான் பேச வந்தது அந்தக் கார்களைப் பற்றி அல்ல. சாலையில் தானே ஓடி மைதானத்துக்கு வந்து, பந்தயமும் ஓடி, மறுபடி தானே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய காரைப் பற்றி. அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய டிராக் வீக் போட்டி இப்படிப்பட்ட கார்களுக்கானது. ஐந்து நாள் பந்தயம். ஒரு மைதானத்திலிருந்து அடுத்த மைதானத்துக்குப் பொதுச் சாலையில் ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் ஆயிரம் மைல் அளவுக்கு வரும். உதவி வண்டி பின்னால் வரக் கூடாது.

இப்படி ஒரு கார் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். இத்தனை குதிரைசக்தி, அதைத் தாங்க இந்த கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு இந்த ஆக்சில் என்று கணக்கு போகிறது. நான் இதைத் தலைகீழாகப் போடச் சொல்வேன். முதலில் டயர், பிறகு ஆக்சில், அப்புறம் திருப்பத்தில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் சக்தி கொண்டுவரும் நீண்ட தண்டான டிரைவ்ஷாஃப்ட், கடைசியில் கியர்பாக்ஸ்.

ஏன் என்று பார்ப்போம். எஞ்சின் 600 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 2.48, பின் ஆக்சிலின் விகிதம் 3.50. பெருக்கினால் 5,200-ஐத் தாண்டுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், கிளம்பும் நேரத்தில் இதை இரண்டு மடங்கு வரைகூட ஆக்கும். ஆனால் இத்தனையும் ஆக்சிலுக்கு வந்து சேருமா? வராது. பின் சக்கரங்களின் மேல் 1,000 கிலோ எடை அழுத்துகிறது, டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர், தரையில் சாதாரணப் பிடிப்பு என்றால், இரண்டு சக்கரமும் சேர்ந்து 3,400 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் டயர் சுற்றி வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் பின்னால் இருக்கிற எல்லா உறுப்புகளையும் காப்பாற்றுகிறது.

இப்போது அதே காரில் வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரோ, பிடிப்பு அதிகமுள்ள பந்தய டயரான நல்ல டிராக் ரேடியலோ மாட்டுங்கள். பிடிப்பு இரண்டு மடங்கானால் ஆக்சில் தாங்க வேண்டிய சுமையும் இரண்டு மடங்கு. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, ஆனால் நேற்று வரை உடையாத ஆக்சில் இன்று உடைகிறது. இதைவிடக் கொடியது சக்கரம் துள்ளுவது. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சுத்தியல் அடி விழுகிறது. சஸ்பென்ஷனைச் சரிசெய்து துள்ளலை நிறுத்தாமல் ஆக்சிலை மட்டும் பெரிதாக்குவது வீண் செலவு என்பேன்.

ஆக்சிலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தை (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது. முனையில் 31 ஸ்ப்லைன், அதாவது நீளவாட்டுப் பற்கள், வெட்டிய ஆக்சிலின் விட்டம் ஏறக்குறைய 33.5 மில்லிமீட்டர், 35 ஸ்ப்லைனுக்கு 38. நாலரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரே உலோகத்தில் செய்தால் வலிமை ஏறக்குறைய 45 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு குறைந்த எடைக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு எதிலும் எளிதில் கிடைக்காது. இன்னொன்று, பல பழைய ஆக்சில்களில் உள்ளே ஒரு சிறு சி வடிவக் கிளிப்தான் தண்டைப் பிடித்து நிற்கிறது. தண்டு உடைந்தால் சக்கரமே காரை விட்டு வெளியே போய்விடும். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.-வின் விதிகளில், கால் மைலை 10.99 வினாடி அல்லது அதற்குள் ஓடும் காருக்கும், டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்ட காருக்கும், வலுவான மாற்று ஆக்சிலும் அது கழன்று வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். உங்கள் கார் அந்த வேகத்தை எட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆக்சில் கூடு என்று வந்தால் ஃபோர்டு 9 இஞ்ச் பெயர் தானாக வரும். 1957-ல் வந்த வடிவம், இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நடுப்பகுதியை முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. அதில், டிரைவ்ஷாஃப்ட் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியன் மிகவும் கீழே உட்காருவதால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் உரசும், கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகும். சாலைக் காருக்கு அந்த இழப்பை நான் பொருட்படுத்த மாட்டேன்.

டிஃபரென்ஷியலில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் எடை குறைவு, விலை குறைவு, உடைவதும் அரிது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தரையைத் தேய்க்கும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சாலையில் ஓட்டுகிறவருக்கு, திருப்பத்தில் தானாக விட்டுக்கொடுக்கும் லாக்கரோ, ஒரு சக்கரம் மட்டும் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் நல்ல கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்போ போதும்.

இனி ஆக்சிலின் விகிதம். இதை எல்லைக்கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 28 இஞ்ச் டயர், எல்லைக்கோட்டில் மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,490 முறை சுற்றுகிறது. 4.10 விகிதத்தில், நேரடி டாப் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 6,100 சுற்று. கன்வர்ட்டர் வழுக்கல் ஐந்து சதவீதம் சேர்த்தால் 6,400. உங்கள் எஞ்சின் 6,500-க்கு அருகில் உச்ச சக்தி தருமானால் 4.10 பொருந்தும். அதே கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 போகும்போது, மூன்று கியர் டர்போ 400 கியர்பாக்ஸ் இருந்தால் எஞ்சின் 3,000-ஐத் தாண்டிக் கத்திக்கொண்டே இருக்கும். நான்கு கியர் உள்ள 4எல்80இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் மூன்று விகிதங்களும் அதேதான், 2.48, 1.48, 1.00. நான்காவது 0.75. எஞ்சின் 2,300-க்கு இறங்கிவிடும். கன்வர்ட்டரின் வழுக்கலை நிறுத்தும் லாக்-அப் கிளட்சும் பிடித்துக்கொண்டால் எண்ணெய் சூடாவதும் குறையும். எடை கூடினாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கைக் கொல்வது பெரும்பாலும் டார்க் அல்ல, சூடு. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரில் சிக்கனம் வேண்டாம்.

கன்வர்ட்டர் வாங்கும்போது அட்டையில் எழுதியிருக்கும் ஸ்டால் வேகத்தை, அதாவது கார் நகராமல் நிற்கும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எட்டும் சுற்று வேகத்தை, மட்டும் பார்க்காதீர்கள். அதே கன்வர்ட்டர் அதிக டார்க் உள்ள எஞ்சினுக்குப் பின்னால் அதிக வேகத்தில் ஸ்டால் ஆகும். காரின் எடை, கியர் விகிதம், எஞ்சினின் டார்க் மூன்றையும் செய்கிறவரிடம் சொல்லி வாங்குங்கள். கையால் கியர் மாற்றுகிறவர்களுக்கு, இரண்டு தட்டு கிளட்ச் சாலைக்கும் ஒத்துவரும். ஆனால் கிளட்சைத் திடீரென்று விட்டால் அதன் அடி நேராகப் பற்களில் இறங்கும்.

டிரைவ்ஷாஃப்டில் நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தண்டின் முன்முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட் உடைந்தால் தண்டின் முனை தரையில் குத்தும், கார் தூக்கி எறியப்படலாம். அந்த ஜாயிண்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போடுங்கள். முதல் ஸ்லிக் டயர் வாங்கும் நாளிலேயே இது காரில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுனும் பினியனும். பந்தயத்துக்கென்று விற்கும் பற்சக்கரங்கள் அடியைத் தாங்குவதற்காகக் கொஞ்சம் மென்மையான உலோகத்தில் வருகின்றன. சாலையில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். சாலைக்கானதையே கேட்டு வாங்குங்கள். பொருத்தும்போது பற்களில் மஞ்சள் மையைத் தடவி, லேசாக பிரேக் பிடித்தது போல எதிர்ப்புக் கொடுத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். மை அழிந்த தடம் பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவில் விழ வேண்டும். அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதவில்லை. பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. பிறகு இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இப்படிச் சில முறை செய்து, 800 கிலோமீட்டரில் ஆக்சில் எண்ணெயை மாற்றிய பிறகு காரை மைதானத்துக்குக் கொண்டுபோகலாம். நன்றி, வணக்கம்.