மழைக்கும் குளிருக்கும் ஏற்ற பள்ளிப் பைகள்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் துணிப்பொருள்களை வீட்டிலேயே தைத்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் எந்தப் பை தைத்தாலும் மாணவிகளிடம் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: இது நனைந்தால் எத்தனை நாளில் காயும்? இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அந்த மாதங்களை ஓரளவு சமாளித்துவிடலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து கணக்கைத் தீர்த்துவிடும். உதகைக்கு இரண்டு மழையிலும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு மார்கழி, தையில் உறைபனியும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில், சமவெளிக்காகச் செய்து கடைக்கு வரும் பையும் உறையும் முழுமையாகப் பயன்படுவதில்லை. நம் ஊர் மழையும் குளிரும் நமக்குத்தான் தெரியும் என்பதால், அவற்றுக்கேற்பத் தைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பையின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிப் பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கொள்கை கூறுகிறது. அப்படியானால் 25 கிலோ எடையுள்ள குழந்தை சுமக்க வேண்டியது அதிகபட்சம் இரண்டரைக் கிலோ. தடித்த கித்தான் பையோ பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த பையோ மழையில் ஊறிவிட்டால், இந்த இரண்டரைக் கிலோவில் ஒரு பகுதியைத் தண்ணீரே எடுத்துக்கொள்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பேருந்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அது சின்னச் சுமை இல்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்; இன்றும் துணிப்பையின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் கனத்த பருத்தித் துணி நம் ஊரில் எளிதில் காயாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை விலையில்லாமல் கிடைக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு வேறு பை தையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையோடு சேர்ந்து போகிற மழை உறை, டிபன் பை, தண்ணீர் பாட்டிலின் உறை, பென்சில் பை ஆகியவற்றைத்தான் வீட்டில் தைத்துக்கொள்ளலாம் என்கிறேன். இவற்றுக்கு மோட்டார் பொருத்திய மிஷினோ விலை உயர்ந்த துணியோ தேவையில்லை. நேர்த்தையல் மட்டுமே போடக்கூடிய பழைய மிதி மிஷின் இருந்தால் போதும்.

முதலில் மழை உறை. நம் வீடுகளில் குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டால் குடையையே தூக்கி எறிந்துவிடுகிறோம், ஆனால் துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதுவே மழைக்கென்று செய்யப்பட்ட, விரைவில் காய்ந்துவிடும் துணி. மூன்றாக மடங்கும் சிறிய குடையின் துணி தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் பைக்குச் சரியாக இருக்கும். பெரிய கைப்பிடிக் குடையின் துணி மேல்வகுப்புப் பிள்ளையின் பைக்கு ஆகும். பிரிப்பதற்கு முன்னால் குடையை விரித்து வைத்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, உள்பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். பழைய குடைகளில் உள்பூச்சு உரிந்துபோயிருந்தால் அந்தத் துணி உறைக்கு உதவாது. கசியவில்லை என்றால், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் நடுவிலும் துணியைப் பிடித்துக் கட்டியிருக்கும் நூலைச் சிறிய கத்தரியால் வெட்டிவிட்டு, உச்சியில் உள்ள மூடியைத் திருகி எடுத்துவிட்டால் வட்டமான துணி முழுதாகக் கையில் வந்துவிடும்.

நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். வேறொரு பழைய குடையின் துணியில் மூன்று அங்குல வட்டம் வெட்டி, அந்த ஓட்டையின் மேல் வைத்து இரண்டு சுற்றுத் தையல் போடுங்கள். பிறகு வட்டத்தின் ஓரத்தை ஓர் அங்குலம் உள்பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டே வந்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். வட்டமான ஓரம் என்பதால் மடிக்கும்போது சிறு சுருக்கங்கள் விழும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், எலாஸ்டிக் ஏறியதும் தெரியாது. எலாஸ்டிக்கின் நுனியில் ஊக்கைக் குத்தி அந்த இடைவெளி வழியாக நுழைத்து, ஊக்கைத் துணிக்குள்ளேயே நகர்த்திக்கொண்டு சுற்றி வந்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து அழுத்தமாகத் தைத்துவிடலாம். பையின் முதுகுப்பக்கச் சுற்றளவில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக எலாஸ்டிக் எடுத்தால், உறை பையின் முன்பக்கத்தையும் இரு பக்கங்களையும் மூடி, தோள்பட்டிகளை வெளியே விட்டுவிட்டு முதுகுப்பக்கத்தில் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் துணியில் குண்டூசி குத்தாதீர்கள், நேயர்களே. ஒவ்வொரு குத்தும் ஒரு துளையாகவே நின்றுவிடும். துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொண்டு பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியும் மெல்லியதாக, 11ஆம் எண் ஊசியாக இருக்கட்டும். துணி மிஷினில் வழுக்கிக்கொண்டு ஓடினால் அடியில் செய்தித்தாளை நீளமாகக் கிழித்து வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்தெடுத்துவிடலாம். உச்சியில் போட்ட ஒட்டின் ஊசித்துளை வழியாக நீர் இறங்காமல் இருக்க, உள்பக்கத் தையலின் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துக் கட்டைவிரலால் நன்றாக நீவிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. நைலான் துணி சூட்டில் உருகிவிடும்.

அடுத்தது டிபன் பை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

மேல்நிலை வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர். விடியும் முன்பே சமைத்து, மகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்தச் சோறு மதியம் ஒரு மணிக்கு எப்படி இருக்கும் என்று மலைவாசிகளுக்குத் தெரியும். பருக்கைகள் விறைத்துப்போயிருக்கும்; பொரியலில் ஊற்றிய தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். அந்த மாணவி மட்டும் டிபன் பெட்டியைத் தன் தாயாரின் பழைய கம்பளி ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வருவாள். ஒரு நாள் அவள் பெட்டியைத் திறந்தபோது சோற்றில் இளஞ்சூடு இருந்ததை நானே தொட்டுப் பார்த்தேன். அந்த வாரமே தையல் வகுப்பில் அதை ஒரு பையாக மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு இடையில் காற்று அசையாமல் நிற்கிறது. அந்தக் காற்றுதான் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ஆகவே கம்பளியை நசுக்கித் தைத்தால் பயன் போய்விடும். மெத்தைத் தையல்போல நெருக்கமாகக் கோடு கோடாகத் தைக்காமல், நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் என்று தளர்வாகப் போடுங்கள். காற்று நிற்க இடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எங்கள் முதல் பையைப் பார்க்க அந்த மாணவியின் தாயார் ஒரு விடுமுறை நாளில் வந்தார். பையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சுத்திவர கனமா வெச்சிருக்கீங்க, அடியில வெக்கலியே? பையக் கீழ சிமிட்டித் தரையிலதான வெக்கிறாங்க" என்று சொன்னார். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. குளிர்காலத்தில் வகுப்பறைத் தரை எப்படிச் சில்லென்று இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பெட்டியின் சூடு பக்கவாட்டில் போவதோடு, அடியில் தரைக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அடிப்பகுதியில் கம்பளியை இரண்டு மடிப்பாக வைத்தோம். அன்று முதல் யாருக்கு டிபன் பை சொல்லிக்கொடுத்தாலும் அடியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

ஸ்வெட்டர் உண்மையான கம்பளியா, அக்ரிலிக் நூலா என்று அறிய, ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும்; பெரியவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகிக் கட்டியான மணியாக நின்றுவிடும். கம்பளியாக இருந்தால் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கசக்குங்கள், சுருங்கித் தடித்துவிடும். உடுப்பாக இருக்கும்போது நடக்கக் கூடாது என்று அஞ்சுகிற அதே காரியம் இங்கே நமக்கு உதவுகிறது, ஏனென்றால் அப்படித் தடித்த கம்பளியைக் கத்தரித்தாலும் பின்னல் பிரியாது. அக்ரிலிக் இப்படித் தடிக்காது. அதை வெட்டுவதற்கு முன்னால், வெட்டப்போகும் கோட்டின் ஓரமாக இரண்டு வரிசைத் தையல் போட்டுவிட்டுத்தான் கத்தரியை வைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னல் முழுவதும் பிரிந்து வந்துவிடும். அக்ரிலிக் ஸ்வெட்டரும் சூட்டை ஓரளவு காக்கும். ஆகவே அதை ஒதுக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். உள்ளே காடாத் துணி, நடுவே கம்பளி, வெளியே மெல்லிய நைலான் துணி என்று மூன்றையும் சேர்த்து நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள். டிபன் பையில் என்றைக்காவது ஒரு நாள் சாம்பார் கொட்டத்தான் செய்யும். மூன்று துணிகளும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் துவைத்த பிறகு நடுவில் உள்ள கம்பளி ஆடி மாதத்தில் வாரக்கணக்கில் காயாது. பூசணம் பூத்து வாடை பிடித்துவிடும். கம்பளியைத் தனி மெத்தையாகத் தைத்து, மேல்பக்கம் திறந்திருக்கும் உறைக்குள் செருகி எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தது மட்டும் வெளியே வந்து, அடுப்பங்கரைக் கொடியில் தனியாகக் காயட்டும். எதைத் தைத்தாலும் ஈரம் உள்ளே தங்க இடம் விடாதீர்கள் என்பதை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்.

காடாத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும் என்பதை வீட்டில் தைப்பவர்கள் அறிவார்கள். துணி முன்கூட்டியே சுருங்கிவிட்டால் பிறகு பையின் வாய் கோணிக்கொள்ளாது.

தண்ணீர் பாட்டிலின் உறைக்கு அதிக வேலை இல்லை. கடைகளில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நம் மாவட்டத்தில் தடை இருப்பதால், பிள்ளைகள் பலர் எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டுபோகிறார்கள். காலை நேரத்தில் அதைக் கையில் பிடித்தால் விரல் மரத்துவிடும். டிபன் பைக்கு எடுத்த அதே ஸ்வெட்டரின் கைப்பகுதி மிஞ்சியிருக்கும் அல்லவா? அது ஏற்கெனவே குழாய்போல இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டை பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்படி மேலே வரட்டும். மறுமுனையை பாட்டிலின் உயரத்துக்கு வெட்டி, அடியில் வட்டத் துணி வைத்துத் தைத்துவிட்டால் உறை தயார். இதற்கு ஒரு தோள்பட்டியும் வைத்து, பாட்டிலைப் புத்தகப்பைக்கு வெளியே தொங்கவிடுங்கள். மூடி சரியாக மூடாத ஒரு பாட்டில் ஒரு பருவத்துப் பாடக் குறிப்பேடுகளை நாசம் செய்துவிடும்.

பட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. துணிப்பொருள் எதுவானாலும் முதலில் அறுவது பட்டி சேரும் இடம்தான். பட்டியின் நுனியை ஓர் அங்குலம் மடித்து வைத்து, அதைச் சுற்றிச் சதுரமாகத் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோலத் தையுங்கள். துணி ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துவிட்ட இடத்தில் 16 அல்லது 18ஆம் எண் ஊசியை மாட்டி, மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுழற்றித் தைப்பது நல்லது. அவசரமாக மிதித்து ஊசி ஒடிந்தால் துண்டு கண்ணில் தெறிக்கும் அபாயம் உண்டு.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் தங்கள் பொருள்களில் தங்கள் பெயரைத் தாங்களே தைப்பது பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலை நம் மாவட்டத்தார் அனைவரும் பார்த்திருப்பீர்கள். தோடர் இனப் பெண்கள் துணியின்மேல் கோடு எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கிறார்கள். அவர்களுடைய வடிவங்கள் அவர்களுக்கே உரியவை. அவற்றை நாம் நகலெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இழையை எண்ணித் தைக்கும் பழக்கத்தை எட்டு வயதுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சொரசொரப்பான காடாத் துணித் துண்டில், மழுங்கிய ஊசியும் தடித்த நூலும் கொடுத்து, மூன்று இழைக்கு ஒரு தையல் என்று எண்ணச் சொல்லுங்கள். தன் பெயரின் முதலெழுத்தை அந்தக் குழந்தை ஒரு விடுமுறைக்குள் தைத்துவிடும். அந்தத் துண்டை டிபன் பையின் மேல் ஒட்டுத் தையலாக வைத்துவிட்டால் பை இடம் மாறிப் போகாது.

பென்சில் பைக்கு ஜிப் வாங்கும்போது பையின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ரன்னரை அந்த மிச்சப் பகுதிக்குத் தள்ளி வைத்துவிட்டுத் தைத்தால் அது ஊசிக்குக் குறுக்கே வராது. தைத்து முடித்ததும் ரன்னரை உள்ளே இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். வணக்கம்.