குளிர்காலத்துக்கு இருப்பீர்களா?

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கத் தீவு என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருவது ஒரே படம்தான். வெள்ளை வீடு, நீலக் கதவு, கீழே கடல், மேலே வெயில். அந்தப் படம் பொய் இல்லை. ஆனால் மே மாதம் தொடங்கி அக்டோபரோடு முடிந்துபோகிற படம் அது. அதற்கப்புறமும் அங்கே விளக்கெரிகிற வீடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் கணவருடைய ஆய்வு வேலைக்காகக் கிரீட் தீவில் இரண்டு வருடம் இருந்தோம். தீவின் மேற்குப் பக்கம், ஹானியா நகரத்துக்குக் கிழக்கே, அபோகோரோனாஸ் என்ற பகுதி. முன்னால் கடல், பின்னால் வெள்ளை மலைகள், நடுவே ஆலிவ் தோப்புகள். வாமோஸ், கவலோஹோரி, அல்மிரிடா என்று சின்னச் சின்ன ஊர்கள். பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் என்று பல இடங்களிலிருந்து வந்து வீடு வாங்கிக் குடியேறியவர்கள் அங்கே நிறைய. பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள் என்று பார்த்தாலே தெரியும்.

செப்டம்பர் பிறந்ததும் ஊரில் ஒரு வாழ்த்து ஆரம்பமாகிவிடும். "கலோ ஹிமோனா." நல்ல குளிர்காலமாக அமையட்டும் என்று பொருள். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும், கடற்கரையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், இவர்கள் ஒருவருக்கொருவர் குளிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். முதல் வருடம் எனக்கு அது புரியவில்லை. அக்டோபரில் புரிந்தது.

நாங்கள் சாமான் வாங்குகிற மளிகைக்கடையில் ஒரு அம்மா இருந்தார். அறுபது வயதிருக்கும். கோடை முழுக்க என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார், பின்னால் அத்தனை பேர் வரிசையில். அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலை, கடையில் நான் மட்டும். மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "குளிர்காலத்துக்கு இருப்பீங்களா?" இருப்போம் என்றேன். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மேலே என் பெயரைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். ஒரு எழுத்து தப்பு. நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குக் கணக்கு உண்டு.

பற்று நோட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாளைக்கும் இருப்பார் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அதில் பக்கம் ஒதுக்குவார்கள். கிரேக்கத்தில் க்ஸேனோஸ் என்ற ஒரே சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். நம்மிடமும் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமைதான்; தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. புதிதாக வந்தவர் விருந்து. சரி, எத்தனை நாளைக்கு ஒருவர் புதியவர்? அந்தத் தீவில் அதற்குக் கணக்கு, கோடை முடிந்தும் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான்.

அக்டோபர் கடைசியில் ஊர் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டும். சமாரியா பள்ளத்தாக்கு, பதினாறு கிலோமீட்டர் நடை, அதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் வருவார்கள். மாதக் கடைசியில் அதை மூடிவிடுவார்கள். மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் வரும். நேரடி விமானங்கள் குறைந்துபோய், எங்கே போவதென்றாலும் ஏதென்ஸ் வழியாகத்தான் என்று ஆகிவிடும். கடற்கரை உணவகங்களில் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். பரிமாறிய பிள்ளைகள் சில மாத அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தங்கள் ஊருக்குப் போவார்கள். மூடிய உணவக வாசல்களில் பூனைகள் உட்கார்ந்திருக்கும். கோடை முழுக்க மீன் தின்றவை. அந்தப் பூனைகளுக்குத் தினமும் இரண்டு வாளி தீனி கொண்டுபோகிற ஒரு டச்சுப் பெண்மணியை எனக்குத் தெரியும். மழையிலும் போவார்.

அந்தப் பருவத்தை இலையுதிர்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆலிவ் மரம் எங்கே இலை உதிர்க்கிறது? கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடந்த மண் முதல் மழைக்குப் பிறகுதான் பச்சை கட்டும். பாறையிடுக்கில் சின்ன இளஞ்சிவப்புச் சைக்ளமென் பூக்கும். நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்களே, அதுதான் பொருந்துகிறது. இங்கே நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிற அதே மாதங்களில்தான் அங்கேயும் மழை ஆரம்பிக்கிறது. முதல் பெரிய மழை நின்ற இரவு சன்னலைத் திறந்தால் எதிர்மலையில் டார்ச் வெளிச்சங்கள் அலையும். நத்தை பொறுக்கப் போயிருக்கிறார்கள். நம் கிராமங்களில் மழைக்குப் பிறகு ஈசல் பிடிப்பதை நினைத்துக்கொண்டேன்.

மழை எல்லாருக்கும் இதமானது இல்லை. கோடைக்கென்று கட்டிய கல்வீடுகள் சுவர் வழியாக ஈரம் குடிக்கும். அலமாரியில் இருக்கிற தோல் செருப்பில் பூசணம் பூக்கும். கூரைமேல் இருக்கிற சூரிய வெந்நீர்த் தொட்டி மேகம் மூடினால் சூடாகாது. தெற்கே சகாராவிலிருந்து காற்று அடித்தால் மழையே செம்மண் நிறத்தில் பெய்யும். காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல்களைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். கோடையில் வந்து பார்த்து, மயங்கி, வீடு வாங்கியவர்களில் சிலர் முதல் நவம்பரிலேயே வீட்டை விற்க விளம்பரம் கொடுப்பதுண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். யாரும் அவர்களுக்கு நவம்பரைக் காட்டவில்லை.

இருந்தவர்களுக்கு அந்தத் தீவு என்ன கொடுத்தது என்று கேட்டால் நான் கசானியைத்தான் சொல்வேன். கசானி என்றால் கொப்பரை. திராட்சையைப் பிழிந்து ஒயின் எடுத்த பிறகு மிஞ்சுகிற தோலையும் சக்கையையும் சில வாரம் நொதிக்கவிட்டு, அக்டோபர் கடைசி, நவம்பரில் காய்ச்சுவார்கள். அப்படி வடிக்கிற சாராயத்துக்குச் சிக்குதியா, ராக்கி என்று இரண்டு பெயர். எங்கள் ஊரில் ஒரு கொட்டகையில் செம்புக் கொப்பரை. மூடியும் கொப்பரையும் சேருகிற இடத்தில் ஆவி போகாமல் இருக்க, மாவைப் பிசைந்து நீளமாக உருட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றிவருவார் ஒரு பெரியவர். அடுப்பில் ஆலிவ் விறகு. தணலில் உருளைக்கிழங்கைப் போட்டு, சாம்பலைத் தட்டிக் கையில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் பக்கத்தில். குழாயிலிருந்து சொட்டுவது முதலில் கடுமையாக இருக்கும், அதற்குப் புரோதோராக்கி என்று பெயர். நான் குடிக்கிற ஆள் இல்லை. மாதுளை முத்துகளை ஒரு கிண்ணத்தில் உதிர்த்து என் முன்னால் வைத்தார்கள். கோடையில் இவர்கள் எல்லோரும் யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்த உட்கார்தலைப் பார்க்கிற உரிமை, இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

அக்டோபர் 28 அங்கே தேசிய விடுமுறை. 1940இல் அதே நாளில் இத்தாலியின் முசோலினி விடுத்த இறுதி எச்சரிக்கைக்குக் கிரேக்கப் பிரதமர் மெதக்ஸாஸ் பணிய மறுத்தார். ஓஹி நாள் என்பார்கள். ஓஹி என்றால் 'இல்லை'. பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மானியர், எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டையோடு போர் நினைவுத் தூணுக்கு எதிரே ஓரமாக நின்றார். 1941 மே மாதம் ஜெர்மன் படை வானிலிருந்து குதித்த தீவு அது. ஜூன் 3ஆம் தேதி காந்தானோஸ் என்ற ஊரையே அழித்தார்கள். ஹானியா பகுதியில்தான் அந்த ஊரும் இருக்கிறது. அதே பகுதியில் மாலேமே என்ற ஊரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஊர்வலம் முடிந்ததும் காப்பிக்கடைக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. நான் அருகில் இருந்து பார்த்தேன்.

'குளிர்காலத்துக்கு இருப்பீங்களா' என்ற கேள்வியை யாரும் கேட்காத ஆட்களும் அந்த ஊரில் உண்டு. அல்பேனியர்கள். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் கிரேக்கத்துக்கு வந்தவர்கள். கல் வேலை, கூரை வேலை, ஆலிவ் அறுவடை எல்லாவற்றிலும் அவர்கள் கை உண்டு. முப்பது குளிர்காலம் அங்கே கழித்த ஒருவரைக் 'குடியேறி' என்கிறார்கள். மூன்று வருடமாக இருக்கிற பென்ஷன்காரரை 'எக்ஸ்பாட்', அதாவது வெளிநாட்டில் வாழ்பவர், என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை. அந்த ஊரின் நவம்பர் யார் தோளில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும்.

அப்புறம் வயதானவர்கள். ஜோடியாக வந்தவர்களில் ஒருவர் போய்விட்டால், மற்றவருக்கு அந்த மாதங்கள்தான் கஷ்டம். சுற்றியிருக்கிற வீடுகள் பூட்டிக்கிடக்கும். சாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கிரேக்கத்தில் 2019 வரை ஒரு தகன மையம்கூடக் கிடையாது. எரிக்க விரும்பியவர்கள் உடலைப் பல்கேரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம்தான் ஏதென்ஸுக்கு வடக்கே ரிட்சோனாவில் முதல் மையம் திறந்தது. கிரீட்டிலிருந்து அங்கே போக முதலில் இரவுக் கப்பலில் கடலைக் கடக்க வேண்டும். ஒரு ஆங்கிலேயப் பெண்மணி இறந்த தன் கணவருக்காக அப்படிப் புறப்பட இருந்தபோது, காற்றினால் கப்பல் கிளம்பவில்லை. இரண்டு நாள் காத்திருந்தார். அந்த இரண்டு நாளும் ஊர்ப் பெண்கள் முறை வைத்து அவர் வீட்டில் இருந்தார்கள். அவரைத் தனியாக ஒரு வேளை சாப்பிட விடவில்லை.

நவம்பரில் ஆலிவ் அறுவடை. மரத்தடியில் வலை விரித்து, கம்பு முனையில் சுழலும் கருவியால் கிளையைத் தட்டினால், ஆலங்கட்டி மழை போலச் சத்தத்தோடு காய் விழும். சாக்கில் கட்டி அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோவது நல்லது. கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஒரு லிட்டருக்கு நாலைந்து கிலோ காய். ஆலை ராத்திரியிலும் ஓடும், வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆங்கிலேயத் தம்பதிக்குப் பதினோரு மரம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு, 2021 முதல், குடியிருப்பு உரிமை இல்லாத பிரிட்டன்காரர்கள் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். சமையலறைச் சுவர்க் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வருவார்கள். அந்த வருடம் கணக்கு நவம்பர் 9ஆம் தேதி முடிந்தது. அவர்கள் பெட்டியை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில், எதிர்த்தோப்புக்காரர் அவர்களுடைய மரத்தடியில் வலை விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஏப்ரலில் அவர்கள் திரும்பி வந்தபோது, அவருடைய கொட்டகையில், வெயில் படாத மூலையில், 17 லிட்டர் டின் ஒன்று இருந்தது. மூடிமேல் மார்க்கரால் அவர்கள் பெயரை எழுதியிருந்தார்.